ஆறில் ஒரு பங்கு யாருக்கு?

சூது என்று சொன்னதுமே தருமரும் சகுனியும் வந்து முன்னால் நிற்பார்கள். திருக்குறளில் 94-ஆவது அதிகாரம் முழுவதும் சூதைப் பற்றியதுதான். ஆனால் மலேசியத் தமிழர்கள் சூதைப் பற்றித் தெரிந்துகொள்ள அஸ்தினாபுரம் வரை போக வேண்டியதில்லை. ஈப்போவிலிருந்து தெற்கே சுமார் 20 கிலோமீட்டர் போனால் கோப்பெங் வந்துவிடும். அந்த ஊரின் பழைய கணக்கைப் புரட்டினாலே போதும்.

சூதாட்டம் எல்லாம் ஒன்றே என்று நினைப்பவர்கள் பலர். அது சரியல்ல. கடை நடத்துபவரை எதிர்த்து ஆடும் ஆட்டம் ஒரு வகை. எதிரே உட்கார்ந்திருக்கும் இன்னொருவரை எதிர்த்து ஆடும் ஆட்டம் மற்றொரு வகை. முதல் வகையில் பெரும்பாலும் எந்த யுக்தியும் செல்லாது. இரண்டாவது வகையில் யுக்தி உண்டு. ஆனால் அந்த யுக்தி எது என்று தெரிந்தால் பலருக்கு ஆட்டத்தின் மீதே ஆசை குறைந்துவிடும்.

ஈயம் கொழித்த ஊர்

கிந்தா பள்ளத்தாக்கு ஒரு காலத்தில் உலகிலேயே அதிகமாக ஈயம் எடுக்கப்பட்ட இடங்களுள் ஒன்று. ஈப்போ பெரிய நகரமாக வளர்வதற்கு முன்பே கோப்பெங் பேர் பெற்றிருந்தது. சுமாத்திராவிலிருந்து வந்த மண்டைலிங் மக்கள் அங்கே குடியேறி ஈயம் எடுத்தார்கள். 1874-இல் பங்கோர் உடன்படிக்கை கையெழுத்தான பிறகு பேராக்கில் பிரிட்டிஷ் நிர்வாகம் வந்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் சீனாவின் தென்பகுதியிலிருந்து தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கிந்தாவுக்கு வந்து சேர்ந்தார்கள்.

அவர்களின் வாழ்க்கை எப்படி இருந்தது? பகல் முழுவதும் சேற்றிலும் வெயிலிலும் வேலை. மலேரியாவும் மற்ற நோய்களும் விடாமல் வாட்டின. வலியை மறக்க அபினைத் தேடினார்கள். அந்த நிலையைப் பார்த்துத்தான் யூ கோங் என்பவர் 1879-இல் கோப்பெங்கில் ஒரு மூலிகை மருந்துக் கடையைத் திறந்தார். இன்று பல நாடுகளில் கிளை பரப்பியிருக்கும் யூ யான் சாங் நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கடைதான்.

சம்பளமும் மாதாமாதம் கைக்கு வராது. அரிசி, எண்ணெய், புகையிலை, அபின் எல்லாவற்றையும் சுரங்க முதலாளியே கடனாகக் கொடுப்பார். விலையையும் அவரே வைப்பார். பல சுரங்கங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறைதான் கணக்கு பார்த்தார்கள். அன்று கையில் கொஞ்சம் மிஞ்சினால், அந்தக் காசுக்காக ஒரு கடை திறந்தே இருந்தது. அதுதான் சூதாட்டக் கொட்டகை.

அரசாங்கமே விட்ட குத்தகை

இது ஒளிந்து மறைந்து நடந்த தொழில் அல்ல. அன்றைய அரசாங்கம் சூதாட்டம் நடத்தும் உரிமையை ஏலம் விட்டது. அதிகத் தொகை கேட்டவருக்குக் குறிப்பிட்ட காலத்துக்கு அந்த உரிமை கிடைத்தது. அவர் அரசாங்கத்துக்கு வாடகை கட்டிவிட்டு, ஊர் ஊராகக் கொட்டகை போட்டு ஆட்டம் நடத்தலாம். அபின், சாராயம், அடகுக் கடை எல்லாம் இதே முறையில்தான் குத்தகைக்குப் போயின. தைப்பிங் வட்டாரத்தின் ஈய அதிபர் சுங் கெங் குவீ பேராக்கின் வரிக் குத்தகைகளை எடுத்தவர்களுள் ஒருவர்.

அரசாங்கத்துக்கு இதில் இரட்டை லாபம். வரி வசூலிக்க ஆள் வைக்க வேண்டியதில்லை. வருமானமும் முன்கூட்டியே தெரிந்துவிடும். குத்தகைக்காரர் வாடகை போக லாபம் பார்க்க வேண்டும். அந்த லாபம் எங்கிருந்து வரும்? மண்வெட்டி பிடித்தவர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

சிங்கப்பூரில் சூதாட்டக் குத்தகை 1829-லேயே நிறுத்தப்பட்டுவிட்டது. பேராக், சிலாங்கூர் முதலிய மாநிலங்களில் அது 1912 வரை நீடித்தது. தீமை என்று தெரிந்த பிறகும் எண்பது ஆண்டுக்கு மேல் இந்த வேறுபாடு நின்றதற்கு, வருமானத்தைத் தவிர வேறு காரணத்தைத் தேட வேண்டியதில்லை.

பன்னிரண்டுக்குப் பத்து

அன்று புகழ்பெற்றிருந்த ஆட்டங்களுள் ஒன்று சாப் ஜி கி. பன்னிரண்டு குறிகளில் ஒன்றின் மீது காசு வைக்க வேண்டும். அது விழுந்தால் வைத்ததற்குப் பத்து மடங்கு கிடைக்கும். இன்னொன்று முப்பத்தாறு குறிகள் கொண்ட ஹுவா ஹுவே. அதில் வென்றவருக்கு முப்பது மடங்கு.

கேட்கும்போது இனிக்கிறது. ஒரு காசுக்குப் பத்து காசு, முப்பது காசு! ஆனால் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தால் கதை வேறு. பன்னிரண்டு குறியிலும் ஒவ்வொரு காசு வைத்தால் செலவு பன்னிரண்டு. திரும்புவது பத்து. முப்பத்தாறு குறியிலும் வைத்தால் செலவு முப்பத்தாறு. திரும்புவது முப்பது. இரண்டிலும் ஆறில் ஒரு பங்கு கடைக்காரருக்கு.

ஒரு தொழிலாளி நூறு காசோடு உள்ளே போய், கையில் இருப்பதை முழுவதும் திரும்பத் திரும்ப வைத்து ஆடினால் சராசரியாக என்ன ஆகும்? முதல் சுற்றில் 83 காசு மிஞ்சும். இரண்டாவதில் 69. மூன்றாவதில் 58. நான்காவதில் 48. பாதிக்கு மேல் போய்விட்டது. ஒருவர் வெல்லலாம், இன்னொருவர் தோற்கலாம். கொட்டகை முழுவதையும் கூட்டிப் பார்த்தால் கணக்கு இதுதான். கனவில் வந்த எண்ணும், சாமி சொன்ன குறியும் இந்த ஆறில் ஒன்றை மாற்றாது.

தோட்டத்துச் சீட்டு

தமிழர்கள் இந்தப் பக்கம் பெருமளவில் வந்தது ரப்பருக்காக. கோப்பெங்கிலிருந்து பத்து காஜா போகும் சாலையில் இன்றும் நிற்கும் கெல்லிஸ் காசல் மாளிகையைப் பார்க்காதவர்கள் குறைவு. வில்லியம் கெல்லி ஸ்மித்தின் கிந்தா கெல்லாஸ் தோட்டத்தில் தமிழ்த் தொழிலாளர்கள் உழைத்தார்கள். அருகிலுள்ள மாரியம்மன் கோயில் அவர்கள் வாழ்ந்த வாழ்வுக்குச் சாட்சி.

தோட்டத்துத் தமிழர்களின் சம்பளத்துக்குக் கள்ளுக்கடை காத்திருந்தது என்பது தெரிந்த வரலாறு. சம்பள நாளில் மரத்தடியில் சீட்டும் விழுந்தது. அங்கே ஆடப்பட்டதில் இரண்டு ஆட்டங்களைத் தமிழர் எல்லாரும் அறிவார்கள். ஒன்று மங்காத்தா. சொன்ன சீட்டு உள்ளே விழுமா, வெளியே விழுமா என்பது மட்டும்தான் அதில் கேள்வி. யோசிக்க ஒன்றுமே இல்லை. மற்றொன்று ரம்மி. அதில் யோசிக்க நிறைய உண்டு.

இந்திய உச்ச நீதிமன்றம் 1968-இல் ஆந்திரப் பிரதேச வழக்கு ஒன்றில் இந்த வேறுபாட்டைச் சொன்னது. மூன்று சீட்டு ஆட்டத்தைப் போல ரம்மி வெறும் அதிர்ஷ்டம் அல்ல, எந்தச் சீட்டு விழுந்தது என்று நினைவில் வைக்கவும் எதை வைப்பது எதை விடுவது என்று தீர்மானிக்கவும் திறமை வேண்டும் என்பது அந்தத் தீர்ப்பின் கருத்து.

ரம்மி ஆடுபவர்களுக்கு இன்னொன்றும் தெரியும். கை சரியில்லை என்று முதலிலேயே விலகினால் 20 புள்ளி. நடுவில் விலகினால் 40. கடைசி வரை பிடிவாதமாக உட்கார்ந்து தோற்றால் 80 வரை போகும். சீக்கிரம் விலகுவது மலிவு. இந்த ஒரு விதியை மனத்தில் வைத்துக்கொண்டால் போக்கரில் ஒரு விசித்திரமான வகையை எளிதாகப் புரிந்துகொள்ளலாம்.

குறைந்த கை வெல்லும் ஆட்டம்

போக்கர் அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டம். சாதாரணப் போக்கரில் பெரிய கை வெல்லும். இதில் தலைகீழ். குறைந்த கை வெல்லும். ஏழு சீட்டு ஸ்டட் முறையில் இதை ஆடும்போது ராஸ் என்று பெயர். ராஜாவும் ராணியும் இங்கே வேண்டாத விருந்தாளிகள். ஏஸ் என்பது ஒன்று. அதுதான் மிகச் சிறந்த சீட்டு.

முதலில் ஒவ்வொருவருக்கும் இரண்டு சீட்டு கவிழ்த்தும் ஒன்று திறந்தும் தரப்படும். பிறகு மூன்று சீட்டுகள் திறந்தே வரும். ஏழாவது சீட்டு கவிழ்த்து வரும். ஒவ்வொரு கட்டத்திலும் பந்தயம் உண்டு. ஐந்தாவது சீட்டிலிருந்து பந்தயத் தொகை இரட்டிப்பாகும். ஏழில் மிகக் குறைந்த ஐந்தை எடுத்துக்கொள்ள வேண்டும். ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்பதே உச்சக் கை. வரிசையாக அமைந்தாலும் ஒரே இனமாக அமைந்தாலும் தண்டனை இல்லை. ஜோடி விழுந்தால்தான் கெடுதல்.

கைகளை ஒப்பிடும்போது பெரிய சீட்டிலிருந்து தொடங்க வேண்டும். எட்டு, ஐந்து, நான்கு, இரண்டு, ஏஸ் என்ற கை, ஏழு, ஆறு, ஐந்து, நான்கு, மூன்று என்ற கையிடம் தோற்றுவிடும். எட்டை விட ஏழு சிறியது. அவ்வளவுதான்.

கவிழ்க்கத் தெரிய வேண்டும்

இந்த ஆட்டத்தின் அடிப்படை யுக்தி முதல் மூன்று சீட்டிலேயே முடிந்துவிடுகிறது. மூன்றும் எட்டுக்குள் இருக்க வேண்டும். ஜோடி இருக்கக் கூடாது. இல்லையென்றால் சீட்டைக் கவிழ்த்துவிட வேண்டும்.

இப்படிப்பட்ட கை எத்தனை முறை வரும்? 52 சீட்டுகளிலிருந்து மூன்று சீட்டுகள் 22,100 விதமாக வரலாம். அவற்றில் 3,584 மட்டுமே இந்தத் தகுதி உள்ளவை. அதாவது ஏறக்குறைய ஆறுக்கு ஒன்று. ஆறு கையில் ஐந்தைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும்!

இரண்டாவது, திறந்த சீட்டுகளைப் படிக்க வேண்டும். கையில் இரண்டு, ஐந்து, ஏழு இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மற்றவர்கள் முன்னால் மூன்றும் நான்கும் ஆறும் திறந்து கிடந்தால், தேவையான சீட்டுகள் கட்டிலிருந்து போய்விட்டன. அது கெட்ட செய்தி. மற்றவர்கள் முன்னால் இரண்டும் ஐந்தும் ஏழும் கிடந்தால் நல்ல செய்தி. ஜோடி விழும் வாய்ப்பு குறைந்துவிட்டது.

மூன்றாவது, நான்காவது சீட்டாக ராஜா வந்து, எதிராளிக்கு நான்கு வந்தால் விலகிவிட வேண்டும். ஐந்தாவது சீட்டில் பந்தயம் இரட்டிப்பாவதால் அங்கே இன்னும் கறாராக இருக்க வேண்டும். மிரட்டிப் பறிக்கவும் இடம் உண்டு. எல்லாருக்கும் பெரிய சீட்டு திறந்திருந்து, ஒருவருக்கு மட்டும் ஏஸ் திறந்திருந்தால், அவர் பந்தயத்தை உயர்த்தி மற்றவர்களை விலகச் செய்யலாம். அடிக்கடி செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

நான்காவதுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். நடுவில் போட்ட காசு இனி தன் காசு இல்லை என்று நினைக்க வேண்டும். "இவ்வளவு போட்டுவிட்டேனே" என்ற நினைப்புதான் நல்ல ஆட்டக்காரரையும் கவிழ்க்கிறது.

இவ்வளவையும் கடைப்பிடிப்பவர் லாபத்தோடு எழுந்திருப்பாரா? அதற்கும் உத்தரவாதம் இல்லை. ஆட்டம் நடத்தும் இடம் ஒவ்வொரு பந்தயத்திலிருந்தும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். எல்லாரும் சம திறமை உள்ளவர்கள் என்றால் அந்தப் பங்குதான் எல்லாருடைய நட்டமும். குத்தகைக்காரர் வேறு உருவத்தில் அங்கேயும் உட்கார்ந்திருக்கிறார்.

சட்டமும் இன்றைய கணக்கும்

திறமை உண்டு என்பதால் சட்டம் விட்டுவிடும் என்று நினைக்கக் கூடாது. மலேசியாவின் 1953-ஆம் ஆண்டுப் பொதுச் சூதாட்ட இல்லச் சட்டம், அதிர்ஷ்டமும் திறமையும் கலந்த ஆட்டத்தைப் பணம் வைத்து ஆடுவதையும் சூது என்றே சொல்கிறது. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் இணைய ரம்மியையும் போக்கரையும் தடை செய்தது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் இரண்டும் திறமை ஆட்டங்களே என்று கூறி அந்தத் தடையை நீக்கியது. 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்றே பாராமல், பணம் வைத்து இணையத்தில் ஆடும் ஆட்டங்களைத் தடை செய்தது. குடும்பங்கள் அழிந்ததைப் பார்த்த பிறகுதான் இந்த விவாதமே எழுந்தது.

மலேசியத் தமிழர்களுக்கு இன்று நெருக்கமான ஆட்டம் நாலு நம்பர். அதையும் பழைய கொட்டகைக் கணக்கோடு வைத்துப் பார்க்கலாம். மொத்தம் 10,000 எண்கள். பெரிய பந்தயத்தில் ஒரு வெள்ளிக்கு முதல் பரிசு 2,500, இரண்டாவது 1,000, மூன்றாவது 500. 180 வெள்ளிப் பரிசு பத்து, 60 வெள்ளிப் பரிசு பத்து. எல்லாவற்றையும் கூட்டினால் 6,400. அதாவது பத்தாயிரம் வெள்ளிக்குத் திரும்புவது 6,400 வெள்ளி. ஆறில் ஒன்று அல்ல, மூன்றில் ஒன்றுக்கும் மேல் போய்விடுகிறது.

1912-இல் பேராக்கில் ஒழித்த கொட்டகையை விட, உரிமம் பெற்று விளக்குப் போட்டு நடக்கும் இன்றைய கடை அதிகமாக எடுத்துக்கொள்கிறது. கோப்பெங்கின் சுரங்கத் தொழிலாளிக்கு இந்தக் கணக்கைச் சொல்லித்தர அன்று யாரும் இல்லை. கல்வி பெற்ற இன்றைய பிள்ளைகளுக்கு வகுத்தல் கணக்கு தெரியும். சம்பள நாளன்று வீட்டில் அப்பாவோ அண்ணனோ நம்பர் எழுதக் கிளம்பும்போது, ஒரு தாளை எடுத்து அந்த 6,400-ஐக் கூட்டிக் காட்டினால் போதும்.