பட்டியலில் ஒரே வரி

2007 அக்டோபர் 25 அன்று அமெரிக்கக் கருவூலத் துறை ஈரானின் குத்ஸ் படையைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. ஹெஸ்புல்லா, ஹமாஸ், தாலிபான் போன்றவர்களுக்கு உதவுகிறது என்பது குற்றச்சாட்டு. தாலிபான் விஷயத்தில் அப்போது பலருக்கும் சந்தேகம்தான். ஹெஸ்புல்லாவைப் பற்றி வாதமே தேவையில்லை. பணமும் ஆயுதமும் ஈரான்தான் தருகிறது என்று நஸ்ரல்லாவே 2016இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்.

குத்ஸ், புரட்சிக் காவல் படையின் வெளிநாட்டுப் பிரிவு. 2019 ஏப்ரலில் டிரம்ப் அரசு அந்தப் படை மொத்தத்தையும் பயங்கரவாத அமைப்பு என்று அறிவித்தது. இன்னொரு அரசின் அங்கத்தை அமெரிக்கா அப்படி அறிவித்தது அதுவே முதல் தடவை.

எனக்கு உறுத்துவது இங்கேதான். ஈரானில் ஆண்களுக்கு ராணுவச் சேவை கட்டாயம். ராணுவமா, போலீஸா, காவல் படையா என்று பையன் கேட்க முடியாது. போட்ட இடத்துக்குப் போக வேண்டியதுதான். சமையல்கட்டிலோ வாசல் காவலிலோ ஏறத்தாழ இரண்டு வருஷம் ஓட்டுவான். சேவை முடித்த சான்றோ விலக்கோ இல்லாவிட்டால் பாஸ்போர்ட் கிடைப்பது கஷ்டம். ஆக, நாட்டைவிட்டு வெளியே போக உதவிய அதே காகிதம்தான் அமெரிக்க விசா ஜன்னலில் அவனை நிறுத்துகிறது.

நான் மென்பொருள் எழுதுகிறவன். பட்டியலோடு ஒப்பிடும் நிரலுக்கு ‘உண்டு’, ‘இல்லை’ இரண்டுதான் தெரியும். சட்டமும் கிட்டத்தட்ட அப்படித்தான் வேலை செய்கிறது. குத்ஸ் தளபதி சுலைமானியும் உருளைக்கிழங்கு உரித்த பையனும் அதற்கு ஒன்று.

சுலைமானியின் பெயர் 2007 மார்ச்சிலேயே ஐ.நா. தடைப்பட்டியலில் ஏறிவிட்டது. பாக்தாத், டமாஸ்கஸ் என்று அவர் போய்வருவதை அது நிறுத்தவில்லை. கலிபோர்னியாவில் அக்கா கல்யாணம் என்றால் பையனால்தான் போக முடியாது.