மல்லாட்டைக் காட்டுச் சுருள்பூச்சிக்கு எத்தனை பேரு?

திருவண்ணாமலைன்னா எல்லாரும் மலையையும் தீபத்தையும் எழுதுவாங்க. நான் ஒரு பூச்சியைப் பத்தி எழுதப் போறேன். கோச்சுக்காதீங்க மக்களே :)

எங்க பக்கம் வேர்க்கடலை மல்லாட்டைதான். மணிலாக்கொட்டை தேஞ்சு அப்படி ஆனது. மானாவாரியில மழை தவறினா போதும், இலையெல்லாம் ஒட்டிச் சுருண்டு காய்ஞ்சு, தூரத்துல இருந்து பாத்தா காட்டுக்கு நெருப்பு வெச்ச மாதிரி இருக்கும். ஒரு வருஷம் சித்தப்பா, புடுங்கற கூலிக்கே கட்டாதுன்னு செடியை அப்படியே விட்டுட்டாரு.

காரணம் சுருள்பூச்சி. சின்ன அந்துப்பூச்சி. இறக்கையை விரிச்சாலே ஒரு சென்டிமீட்டர் சுமார்தான். கருஞ்சாம்பல் நிறம், முன் இறக்கை ஒவ்வொண்ணோட ஓரத்துலயும் ஒரு வெள்ளைப் புள்ளி. புழு முதல்ல இலைக்குள்ளயே சுரங்கம் தோண்டித் தின்னும். வளர்ந்ததும் இலைகளை நூலால ஒட்டி, உள்ளயே கூட்டுப்புழு ஆயிடும். மேல மருந்து அடிச்சா அதுக்கென்ன?

இதுக்குப் பேர் வெச்ச கதைதான் கூத்து. 1904-ல் ஜாவாவுல கிடைச்ச பூச்சிக்கு டெவென்டர் 'மோடிசெல்லா'ன்னு வெச்சார். 1906-ல் எட்வர்ட் மெய்ரிக் 'நெர்ட்டீரியா'ன்னு வெச்சார். மெய்ரிக் இங்கிலாந்துல பள்ளிக்கூட வாத்தியார். பதினாலாயிரத்துக்கும் மேல சிறு அந்துப்பூச்சிகளை விவரிச்ச மனுஷன். ஆனா இனத்தைப் பிரிக்கப் பிறப்புறுப்பைப் பாக்கறதுல அவருக்கு நம்பிக்கை இல்லை. இறக்கை நரம்பும் நிறமும் போதும்னு இருந்தார். 1914-ல் பிளெட்சர் எழுதின தென்னிந்தியப் பூச்சிகள் புத்தகத்துலயும் நம்மாளு உண்டு. அப்புறம் பல வருஷம் நம்ம விவசாய ஆராய்ச்சிக் கட்டுரைகள் 'சப்செசிவெல்லா'ன்னு எழுதிச்சு. அது 1852-ல் ஜெல்லர் வெச்ச பேரு! பிறகு திருத்தி 'அப்ரோஏரிமா மோடிசெல்லா'ன்னு மறுபடி ஜாவாக்காரர் பேருக்கே வந்தாங்க.

பேர்ல என்ன இருக்குன்னு கேப்பீங்க. 1998-ல் உகாண்டாவுல கடலைச் செடி இதே மாதிரி கருகிச்சு. ஆசியாவுல இருக்கற நம்ம பூச்சிதான்னு சொன்னாங்க. தென்னாப்பிரிக்காவுல புடிச்ச பூச்சிகளோட டிஎன்ஏவைப் பின்னால பாத்தா, ஆஸ்திரேலியாவோட சோயா அந்துப்பூச்சியோட ஒத்துப்போச்சு. வாக்கர் 1864-லயே அதுக்கு 'சிம்ப்ளெக்செல்லா'ன்னு பேர் வெச்சுட்டார். பூச்சியை ஒழிக்கற ஒட்டுண்ணிக் குளவியைத் தேடணும்னா அதோட சொந்த ஊர் தெரியணும். பேர் தப்புன்னா போற ஊரும் தப்பு. ரெண்டும் ஒண்ணுதான்னா, விதிப்படி பழைய பேருக்குத்தான் முதல் மரியாதை.

இந்தப் பூச்சி விளக்குக்கு வரும். ராத்திரி காட்டுல விளக்குப் பொறி வெச்சா, காலையில தண்ணித் தட்டுல மிதக்கும். சித்தப்பா அதை எண்ணிப் பாத்துட்டு, "சுருளு இறங்கிடுச்சுடா"ன்னுவாரு. அவருக்கு எப்பவும் அந்த ஒரே பேருதான்.