சிறுநீர்ச் சோதனையும் வியட்நாம் போர்வீரரும்

1971ஆம் ஆண்டு மே மாதத்திலே ஐக்கிய அமெரிக்கக் காங்கிரஸ் உறுப்பினரான ஸ்டீல், மேர்பி என்னும் இருவர், வியட்நாமில் நின்ற தம் நாட்டுப் போர்வீரருள் நூற்றுக்கு 10 முதல் 15 பேர் ஹெரோயினுக்கு அடிமைப்பட்டுள்ளனர் என அறிக்கையிட்டனர். அவர்கள் நாடு திரும்பின் நகரங்கள் என்னாகும் என்ற அச்சம் நிக்சன் அரசை உலுக்கியது. அடுத்த மாதமே போதைவஸ்துத் தடுப்புக்கெனத் தனி அலுவலகமொன்று நிறுவப்பட்டு, உளமருத்துவர் ஜெறோம் ஜஃபே அதன் தலைவராக்கப்பட்டார்.

உடலிற் புகும் ஹெரோயின் மோர்பினாக மாறிச் சிறுநீருடன் வெளியேறும். இதனைக் கண்டறியும் சோதனைக்கு, வியட்நாமை விட்டுப் புறப்படும் வீரர் யாவரும் உட்படுத்தப்பட்டனர். போதை காணப்பட்டவன் இராணுவ நீதிமன்றத்துக்கு அனுப்பப்படவில்லை, நச்சு நீக்கச் சிகிச்சை பெறும்வரை அவனது பயணம் தாமதிக்கப்பட்டது, அவ்வளவே. வீடு திரும்பும் ஆவலே இங்கு மருந்தாயிற்று எனலாம். சோதனை வருமென்று முன்னறிந்திருந்தமையால், நிறுத்த வல்லவர் பலர் தாமாகவே நிறுத்திக்கொண்டனர். அறிந்தும் நிறுத்த இயலாது அகப்பட்டவரே உண்மையில் மருத்துவ உதவியை வேண்டி நின்றோர். நோயாளியை ஏனையோரிடமிருந்து பிரித்துக் காட்டிய இப்பண்பு, அதிகம் பேசப்படாததாயினும், சோதனையின் பெரும்பயன் என்றே கருதுகிறேன்.

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர் லீ றொபின்ஸ் 1971 செப்டெம்பரில் திரும்பியோருள் ஏறத்தாழ 900 பேரைப் பின்னர் தேடிச் சென்று வினாவினார். வியட்நாமிலே நூற்றுக்கு 20 பேர் அளவில் அடிமைப்பட்டிருந்தனர். ஆயின் அவ்வாறு அடிமைப்பட்டோருள் முதலாண்டில் மீண்டும் அடிமையானோர் நூற்றுக்கு 5 பேர் அளவினரே. ஒருமுறை அடிமைப்பட்டவன் என்றும் அடிமையே என்ற நம்பிக்கை இதனால் ஆட்டங்கண்டது. இப்புகழ் முழுவதையும் சோதனைக்கே சூட்டுதல் பொருந்தாது. மலிவான ஹெரோயினும் போர்க்களமும் ஒருங்கே நீங்கியமையையும் மறத்தலாகாது.

பத்தாண்டுகளின் பின் அதே சிறுநீர்ப் போத்தல் வேறு கைக்கு மாறியது. 1981 மே மாதம் நிமிற்ஸ் என்னும் விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் விமானமொன்று மோதி 14 பேர் மாண்டனர். இறந்த தளப் பணியாளர் சிலரின் உடலிற் கஞ்சாவின் தடயம் காணப்பட்டது. அதன்பின் சோதனை முடிவுகளை இராணுவ நீதிமன்றிற் சான்றாக்க வழி திறக்கப்பட்டது. கப்பற் பாதுகாப்பைக் கருதுவோர் இதனைக் குறைகூறார். எனினும் தண்டிக்கப்படுவோம் என்று அஞ்சுபவன் மருத்துவரிடம் மனந்திறப்பானா?

சோதனையின் பழைய நோக்கம் மருத்துவமனைகளிலே தொடர்ந்தது. வெர்மொன்றில் ஸ்டீபன் ஹிக்கின்ஸ் குழுவினர், போதை காணப்படாத ஒவ்வொரு சிறுநீருக்கும் கொக்கெயின் நோயாளருக்குப் புள்ளிகள் வழங்கினர். புள்ளிகளைப் பணமாக்க முடியாது. நல்வாழ்வுக்குதவும் பொருள்களையே பெறலாம். 1994இல் வெளியான அவர்களது ஆய்வில், புள்ளி பெற்றோருள் நூற்றுக்கு 75 பேர் 24 வாரச் சிகிச்சையை முடித்தனர்; பெறாதோருள் முடித்தவர் நூற்றுக்கு 40 பேரே.