வீட்டுக் கண்காணிப்புக் கேமராவின் வரலாறு

வீட்டுக் கண்காணிப்புக் கேமரா என்பது வீட்டின் வாசல், முற்றம், மாடிப்படி போன்ற இடங்களைப் படம்பிடித்து, வீட்டிலிருப்போர் திரையில் பார்க்கவும் பதிவு செய்து வைக்கவும் உதவும் அமைப்பாகும். இன்று இதனைக் கடையில் வாங்கி, ஆள் வைக்காமல் தாமே பொருத்திக்கொள்பவர்கள் பலர். இதன் முன்னோடிக் கருவியும் ஒரு வீட்டிலேயே உருவானது. நியூயார்க் நகரைச் சேர்ந்த செவிலியர் மேரி வான் பிரிட்டன் பிரவுன், தம் கணவருடன் சேர்ந்து 1966ஆம் ஆண்டு அதனை வடிவமைத்தார்.

பின்னணி

கேமராவையும் திரையையும் நேரடியாக இணைக்கும் மூடிய சுற்றுத் தொலைக்காட்சி, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ஜெர்மனியில் பயன்பாட்டுக்கு வந்தது. பீனமுண்டே ஏவுதளத்தில் வி-2 ஏவுகணைகள் புறப்படுவதைப் பாதுகாப்பான தொலைவிலிருந்து பார்ப்பதற்காக, வால்டர் புருக் என்னும் பொறியாளர் 1942இல் அதனை அமைத்தார். போருக்குப் பின் தொழிற்சாலைகளும் வங்கிகளும் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்தத் தொடங்கின. அக்காலக் கேமராக்கள் வெற்றிடக் குழாயால் இயங்குபவை. பருமனும் விலையும் மிகுந்த அவற்றை வீட்டில் வைப்பதைப் பற்றி எவரும் பெரிதாக எண்ணவில்லை.

மேரி பிரவுனின் கருவி

மேரி பிரவுன் (1922–1999) குயின்ஸ் பகுதியிலுள்ள ஜமைக்கா என்னும் இடத்தில் வாழ்ந்த ஆப்பிரிக்க அமெரிக்கப் பெண். அவருடைய கணவர் ஆல்பர்ட் பிரவுன் மின்னணுத் தொழில்நுட்பர். இருவரும் வேளை மாறி வேலைக்குச் சென்றதால், மேரி இரவில் பெரும்பாலும் தனியாக இருக்க நேர்ந்தது. அப்பகுதியில் குற்றங்கள் பெருகியிருந்தன. உதவிக்கு அழைத்தாலும் காவலர் வந்துசேரத் தாமதமானது. கதவு தட்டப்படும்போது வெளியே நிற்பவர் யார் என்று அறிய வேண்டுமானால், கதவருகே சென்றாக வேண்டும். அந்த அச்சமே கண்டுபிடிப்புக்கு வழிவகுத்தது.

அவர்கள் அமைத்த கருவியின் பகுதிகள் பின்வருமாறு:

- கதவில் வெவ்வேறு உயரங்களில் நான்கு பார்வைத் துளைகள். உயரமானவர், குள்ளமானவர், குழந்தை என யார் நின்றாலும் முகம் தெரியும்.
- துளைகளுக்குப் பின்னால் மேலும் கீழும் நகரும் கேமரா.
- படுக்கையறையில் ஒரு தொலைக்காட்சித் திரை. கேமராவின் படம் கம்பியில்லா முறையில் அதற்கு வந்தது.
- வெளியே நிற்பவருடன் பேசுவதற்கு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும்.
- இருந்த இடத்திலிருந்தே தாழ்ப்பாளைத் திறக்க ஒரு பொத்தான்; ஆபத்து என்றால் காவலுக்குத் தெரிவிக்க இன்னொரு பொத்தான்.

1966 ஆகஸ்ட் 1 அன்று விண்ணப்பித்து, 1969 டிசம்பர் 2 அன்று இருவரும் அமெரிக்கக் காப்புரிமை பெற்றனர். அதன் எண் 3482037. கருவி அப்போது பெரிய அளவில் விற்பனைக்கு வரவில்லை. ஆனால் பார்த்தல், பேசுதல், திறத்தல், எச்சரித்தல் ஆகிய நான்கையும் ஒன்றாக இணைத்த அதே அமைப்பை இன்றைய அழைப்புமணிக் கேமராக்களிலும் காணலாம்.

விலை குறைந்த வரலாறு

அதே 1969இல் பெல் ஆய்வகத்தின் வில்லார்ட் பாயில், ஜார்ஜ் ஸ்மித் ஆகியோர் மின்னூட்டப் பிணைப்புக் கருவியைக் கண்டறிந்தனர். குழாய் செய்த வேலையை இச்சிறு சில்லு செய்தது. இதற்காக அவர்கள் 2009இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர். 1990களில் எரிக் ஃபோசம் குழுவினர் நாசாவின் ஜெட் உந்துவிசை ஆய்வகத்தில் உருவாக்கிய சீமாஸ் உணரி, கேமராவை மேலும் சிறிதாகவும் மலிவாகவும் ஆக்கியது.

பதிவு முறையும் மாறியது. ஒளிநாடாவில் பதிந்தபோது நாடாவை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. திரும்பத் திரும்பப் பதிந்தால் படம் தேய்ந்தது. வன்தட்டுப் பதிவுக் கருவி வந்தபின், இடம் நிறைந்ததும் பழைய படம் தானே அழிந்து புதியது பதிவாகும் முறை ஏற்பட்டது.

இணையமும் புதிய ஆபத்தும்

1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், காபிக் குடுவையில் காபி இருக்கிறதா என்று தம் இருக்கையிலிருந்தே பார்ப்பதற்காக ஒரு கேமராவை வலையமைப்பில் இணைத்தனர். 1993இல் அது இணையத்திலும் தெரிந்தது. சுவீடனின் ஆக்சிஸ் நிறுவனம் 1996இல் முதல் வலையமைப்புக் கேமராவை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒரே கம்பியில் மின்சாரத்தையும் தரவையும் அனுப்பும் தரம் 2003இல் வகுக்கப்பட்டதால், கேமராவுக்குத் தனி மின்கம்பி இழுக்கும் தேவை குறைந்தது. வீட்டுக்காரர் தாமே பொருத்துவதற்கு இது பெரிதும் உதவியது.

இணையத்தில் இணைந்த கேமராவைப் பிறரும் அடைய முடியும் என்பது 2016இல் உலகுக்குத் தெரிந்தது. மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விடப்பட்ட கேமராக்களையும் பதிவுக் கருவிகளையும் தேடிக் கைப்பற்றியது. அக்டோபர் 21 அன்று அக்கருவிகளைக் கொண்டு நடந்த தாக்குதலால் டுவிட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்கள் பல மணி நேரம் தடைபட்டன. தங்கள் வீட்டுக் கேமரா அதில் பங்கெடுத்ததைப் பெரும்பாலான உரிமையாளர்கள் அறியவே இல்லை.

தாமே நிறுவுவோர் கருத வேண்டியவை

மேரி பிரவுன் எதிர்கொண்ட கேள்விகளே இன்றும் உள்ளன.

*எங்கிருந்து பார்ப்பது?* கேமராவை மிக உயரத்தில் வைத்தால் தலை மட்டுமே தெரியும், முகம் தெரியாது. 2.8 மி.மீ. வில்லை அகலமாகக் காட்டும். ஆனால் தொலைவிலுள்ள முகம் சிறுத்துவிடும். நீண்ட பாதைக்கு 6 மி.மீ. வில்லை பொருந்தும். எதிர்வெயில் படும் திசையைத் தவிர்க்க வேண்டும். அருகில் சுவரோ சிலந்தி வலையோ இருந்தால், இரவில் அகச்சிவப்பு ஒளி அதில் பட்டுத் திரும்பிப் படத்தை வெளுக்கச் செய்யும்.

*எவ்வளவு நாள் சேமிப்பது?* ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால், ஒரு நாளைக்குச் சுமார் 21.6 ஜிகாபைட் சேரும். நான்கு கேமராக்களுக்கு 1 டெராபைட் வன்தட்டு ஏறத்தாழ 11 நாள் போதும். பதிவுக் கருவியை எளிதில் கண்ணில் படாத இடத்தில் பூட்டி வைப்பது நல்லது. அதையே திருடன் எடுத்துச் சென்றால் சான்று எதுவும் மிஞ்சாது.

*யார் பார்க்கலாம்?* பொருத்திய உடனே கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். மென்பொருளைப் புதுப்பித்து வர வேண்டும். படம் வீட்டுக்குள் தங்குகிறதா, நிறுவனத்தின் வழங்கிக்குச் செல்கிறதா என்பதை வாங்கும் முன்பே கேட்டறிய வேண்டும். அண்டை வீட்டாரின் சன்னலும் பேச்சும் பதிவாகாதபடி கோணத்தையும் ஒலியையும் சரிசெய்வதும் அவசியம். 2021இல் இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டு நீதிமன்றம், ஒருவர் வீட்டில் வைத்த கேமராக்கள் அண்டை வீட்டாரின் படத்தையும் பேச்சையும் பதிவு செய்தது தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை மீறியது என்று தீர்ப்பளித்தது.

மேரி பிரவுனின் கேமரா காட்டிய படம் வாசலிலிருந்து படுக்கையறை வரை மட்டுமே சென்றது. அதைப் பார்த்தவர்கள் அந்த வீட்டில் வாழ்ந்தவர்களே.