கொல்லைக்கு வரும் ஆறுமணிக்குருவி

ஆறுமணிக்குருவியைப் படம் எடுப்பதில் உள்ள பெரிய தொல்லை வெளிச்சம். குரல் கொடுப்பது விடிகாலையிலும் பொழுது சாயும்போதும். நடமாடுவது மரத்தடி இருட்டில். குடவாசலில் எங்கள் வீட்டுக் கொல்லையில், கிணற்றடிக்கும் வாழைக்கும் நடுவே பாத்திரம் கழுவிய தண்ணீர் ஓடி எப்போதும் ஈரமாக இருக்கும் இடத்தில், சருகைப் புரட்டிப் புழு தின்னும். பச்சை முதுகு, இறக்கையில் நீலத் திட்டு, அடிவயிற்றில் சிவப்பு, கண்ணை ஒட்டிக் கறுப்புப் பட்டை, இருந்தும் இல்லாததுபோல் ஒரு வால். இத்தனை நிறமும் கேமராவில் சருகோடு சருகாகிவிடும். ஐஎஸ்ஓவை 3200க்கு ஏற்றினால் படம் பொரிபொரியாக வரும். "குருவியப் போட்டோ புடிச்சு என்னடா பண்ணப் போற?" என்று அம்மா கேட்பாள். நியாயமான கேள்விதான். பதில் சொல்ல முந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும்.

1713இல் லண்டனில் ஜான் ரேயின் பறவை நூல் வெளிவந்தது. ரே இறந்து எட்டு வருடங்கள் ஆகியிருந்தன. அந்த நூலில் ஜேம்ஸ் பெட்டிவர் என்கிற லண்டன் மருந்து வணிகர் ஒரு பிற்சேர்க்கை கொடுத்திருந்தார்: மெட்ராஸ் பறவைகள். புனித ஜார்ஜ் கோட்டையில் கும்பினி மருத்துவராக இருந்த எட்வர்ட் பக்லி அனுப்பிய படங்களும் விவரங்களும்தான் அதற்கு மூலம். அதில் ஒன்றின் பெயர் 'பொன்னுங்கி பிட்டா'. நம் ஆறுமணிக்குருவிதான் அது. தெலுங்கில் 'பிட்ட' என்றால் பறவை, அவ்வளவுதான்.

லின்னேயஸ் 1766இல் இதைக் காக்கைகளோடு சேர்த்துக் 'குட்டைவால் காக்கை' என்ற பொருளில் பெயர் வைத்தார். (இந்தக் குருவியைப் பார்த்தவர் எவரும் இதை மன்னிக்க மாட்டார்கள்.) 1816இல் பிரெஞ்சுக்காரரான வியேயோ 'பிட்டா' என்று தனிப் பேரினம் கண்டார். இன்று ஆப்பிரிக்காவிலிருந்து ஆஸ்திரேலியா வரை நாற்பதுக்கும் மேற்பட்ட இனங்கள் இந்தக் குடும்பப் பெயரில் இருக்கின்றன. மெட்ராஸில் யாரோ ஒருவர், வலைக்காரரோ வேலைக்காரரோ, துரை கேட்டதற்குச் சொன்ன ஒரு சாதாரணச் சொல். துரையின் பெயர் நிற்கிறது, அச்சில் ஏற்றியவர் பெயர் நிற்கிறது. சொன்னவர் பெயர் போய்விட்டது.

தஞ்சாவூரிலும் ஏறக்குறைய இதே கதைதான். 1798இல் பட்டத்துக்கு வந்த இரண்டாம் சரபோஜி, அரண்மனை ஓவியர்களை வைத்துப் பறவைகளையும் விலங்குகளையும் வரையச் செய்தார். அவற்றில் ஒரு தொகுப்பு ரெசிடெண்டாக இருந்த பெஞ்சமின் டோரின் வழியாக லண்டன் போய், இப்போது பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. ஓவியம் என்கிற அளவில் எனக்குப் பிடித்தமானவை. ஆனால் ஒரு பறவை எந்த மாதம் வந்தது, எந்த ஊர்க் கொல்லையில் நின்றது என்பதை ஓவியத்திடம் கேட்க முடியாது.

பறவை வந்து போவதை நம்மவர்கள் கவனிக்காமலும் இல்லை. கும்பகோணத்தைத் தாண்டினால் சத்திமுற்றம். அந்த ஊர்ப் புலவர், வறுமையில் மதுரையில் குளிரில் நடுங்கிக்கொண்டு, ஒரு செங்கால் நாரையிடம் மனைவிக்குச் சேதி சொல்லி அனுப்புகிறார். தெற்கே குமரிவரை போய்விட்டு வடக்கே திரும்பினால் எங்கள் ஊர்க் குளத்தில் இறங்கு என்கிறார். வலசையின் திசை சரியாக இருக்கிறது. ஐரோப்பாவிலோ 1822இல் கழுத்தில் ஆப்பிரிக்க அம்பு குத்திய ஒரு நாரை ஜெர்மனியில் கிடைத்த பிறகுதான் அந்த விஷயம் கையில் தொடும்படியான சாட்சியானது. இதை வைத்து உடனே பெருமை பாடக் கிளம்ப வேண்டாம். பார்த்தது நாம், ஆண்டு ஆண்டாக எழுதி வைத்தது அவர்கள். 1899இல் டென்மார்க்கில் மார்ட்டென்சன் என்ற ஆசிரியர் மைனா இனப் பறவைகளின் காலில் எண் பொறித்த வளையம் மாட்ட ஆரம்பித்தார். பறவை தன் முகவரியைக் காலில் கட்டிக்கொண்டு பறந்தது.

நம் பக்கத்தில் படமும் எழுத்தும் ஒரே ஆளிடம் சேர்ந்தது மா. கிருஷ்ணனிடம். தானே பாகங்கள் சேர்த்துக் கட்டிய கேமராவில் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். 1950இலிருந்து 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் பத்திரிகையில் பத்தி எழுதினார். யானைக்குக் கொடுத்த அதே கவனத்தை வீட்டுப் பக்கத்துக் காக்கைக்கும் அணிலுக்கும் கொடுத்தவர். என்னைப் பொறுத்தவரை அவருடைய யானைப் படங்களைவிட இதுதான் பெரிய விஷயம்.

ஏனென்றால் கொல்லையை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. லென்ஸ் வைத்திருக்கிற நண்பர்கள் விடிந்தால் வடுவூர் ஏரிக்கோ கோடியக்கரைக்கோ வண்டியைக் கிளப்புகிறார்கள். பூநாரை அங்கேதான் நிற்கும், சரி. ஆனால் கொடிக்கால் வாலாட்டி ஏரியில் நிற்காது. கிழக்கு ஆசியாவிலிருந்து வந்து, வால் மேலும் கீழும் ஆடாமல் பக்கவாட்டில் ஆட, நிழலான தோப்பிலும் வெற்றிலைக் கொடிக்காலிலும் நடந்து திரியும். பழுப்புக் கீச்சான் வேலிக் கம்பில் உட்கார்ந்து திட்டிக்கொண்டே இருக்கும். இவற்றைப் பதிய வேண்டுமென்றால் யாராவது அவரவர் வீட்டுப் பின்கதவைத் திறக்க வேண்டும்.

2015இலிருந்து பொங்கலையொட்டி நான்கு நாள் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. பதினைந்து நிமிடம் நின்று, கண்டதையும் கேட்டதையும் எண்ணிக்கையோடு இ-பேர்டில் ஏற்றினால் போதும். பொரிபொரியான என் படம் அங்கே அழகுக்காக இல்லை, சாட்சிக்காக. குரலை மொபைலில் போட்டுக் குருவியை வெளியே இழுத்து எடுக்கும் பளிச்சென்ற படத்தைவிட அது எனக்குப் போதும். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து வந்த உயிரைப் பொய்க் குரலால் அலைக்கழிப்பது ஆகாத வேலை.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா கரையேறியது. வேதாரண்யம், திருத்துறைப்பூண்டிப் பக்கம் தென்னையும் மாவும் ஒரே இரவில் சாய்ந்தன. வலசைப் பறவைகள் வந்து சேர்ந்திருந்த மாதம் அது. அதற்கு முந்தைய ஐப்பசிகளில் அந்தத் தோப்புகளில் எத்தனை ஆறுமணிக்குருவி கூப்பிட்டது என்று யாராவது நோட்டில் குறித்து வைத்திருந்தால், போனது எவ்வளவு, திரும்பியது எவ்வளவு என்று பேச ஒரு பிடி கிடைத்திருக்கும். தென்னைக்கு நிவாரணக் கணக்கு எடுத்தார்கள்.

எங்கள் தெருவில் கொல்லைகளுக்கு சிமெண்ட் போட ஆரம்பித்துவிட்டார்கள். சருகு இல்லை, ஈரம் இல்லை, கொசுத் தொல்லையும் குறைவு. பக்கத்து வீட்டு அத்தையிடம் வேலியோரம் நாலடி மண்ணை மட்டும் விட்டுவைக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். "மாமாவக் கேட்டுச் சொல்றேன் தம்பி" என்றார்.