திராட்சை இலைச் சுருளின் கதை

துருக்கியிலோ, ஆர்மீனியாவிலோ, கிரேக்க நாட்டிலோ ஒரு வீட்டில் 'தோல்மா' செய்கிறார்கள் என்றால், அன்று அடுக்களையில் ஒருவர் மட்டும் தனித்திருப்பது அரிது. அரிசி, கொத்திய இறைச்சி, வெங்காயம், புதினா முதலியன சேர்ந்த கலவையைத் திராட்சை இலையில் வைத்துச் சுருட்டி வேகவைப்பதே இவ்வுணவு. நம் நாட்டிலும் இலையில் பொதிந்து அவிக்கும் பண்டங்கள் பல உண்டு. ஆயினும் அவற்றுள் பெரும்பாலானவற்றில் வெந்தபின் இலையைப் பிரித்து எறிந்துவிடுகிறோம். தோல்மாவிலோ இலையும் உணவேயாகும். சேம்பிலையில் கடலை மாவைத் தடவிச் சுருட்டும் குஜராத்தியரின் 'பாத்ரா'வை உண்டறிந்த நேயர்களுக்கு இது எளிதில் விளங்கும்.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட எனக்கு முதலில் சுவைத்தது இதன் பெயரே. துருக்கி மொழியில் 'தோல்மக்' என்பதற்கு நிறைதல் என்பது பொருள். 'சர்மக்' என்பதற்குச் சுற்றுதல் என்பது பொருள். ஆகவே கத்தரிக்காயையோ குடைமிளகாயையோ குடைந்து அடைப்பது தோல்மா. இலையில் சுற்றுவது சர்மா. பேச்சு வழக்கில் இவ்வேறுபாடு நிலைப்பதில்லை. கிரேக்கர் இலைச் சுருளையே 'தோல்மாதெஸ்' என்கின்றனர். இறைச்சி சேராத வகைக்குத் துருக்கியர் இட்ட பெயர் 'யலஞ்ஜி', அதாவது பொய்யன்! இறைச்சி இருப்பதுபோல் தோன்றி ஏமாற்றுகிறதாம்.

இலையில் பொதிந்த உணவு துருக்கியருக்கு முன்பே இருந்தது. கி.மு. 5-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அரிஸ்டோபேனிஸின் நாடகங்களில் அத்தி இலையில் பொதிந்த 'திரியோன்' பேசப்படுகிறது. இதைக்கொண்டு தோல்மா கிரேக்கருடையதே என வாதிடுவது மிகையாகும். அரிசியும் திராட்சை இலையும் சேர்ந்த இன்றைய வடிவம் உதுமானியப் பேரரசின் நிலப்பரப்பெங்கும் பரவியது என்பதே நாம் உறுதியாகக் கூறக்கூடியது.

அப்பேரரசின் எல்லைக்கும் அப்பால் அது சென்ற வழி விந்தையானது. 1709-ஆம் ஆண்டு போல்தாவாப் போரில் ருஷியரிடம் தோற்ற ஸ்வீடன் மன்னர் 12-ஆம் சார்லஸ், உதுமானிய நாட்டில் பெந்தர் நகரில் அடைக்கலம் புகுந்தார். 1714-இல் அவர் திரும்பியபோது, கடன் கொடுத்தவர்களும் பணத்தைக் கேட்டுப் பின்தொடர்ந்தனர்! 1765-ஆம் ஆண்டு வெளிவந்த காய்சா வார்க் அம்மையாரின் சமையல் நூற்பதிப்பில் தோல்மா இடம்பெறுகிறது. குளிர் மிகுந்த வட நாட்டில் திராட்சை இலைக்கு எங்கே போவது? முட்டைக்கோசு இலை அதன் இடத்தைப் பிடித்தது. கல்கத்தாவிலோ இலையே மறைந்தது. புடலையின் இனத்தைச் சேர்ந்த பர்வல் காயைக் குடைந்து, மீனோ தேங்காயோ அடைத்து வங்காளிகள் சமைக்கும் 'தோர்மா' அதே சொல்லின் திரிபாகும். சொல்லின் நேர்ப்பொருளுக்கு வங்காளியின் கறியே பொருத்தமானது என்பேன்.

இன்று இவ்வுணவு யாருடையது என்னும் வழக்கு ஓய்ந்தபாடில்லை. தோல்மா சமைத்துப் பகிரும் மரபை 2017-இல் அஸர்பைஜானின் பெயரால் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஆர்மீனியரோ 'தோல்மா' அன்று, 'டோல்மா'வே சரி என்றும், அது திராட்சைக் கொடியைக் குறிக்கும் தங்கள் நிலத்துப் பழஞ்சொல்லிலிருந்து பிறந்தது என்றும் சாதிக்கின்றனர். இரு நாடுகளும் நிலத்துக்காகப் போர் புரிந்தவை. ஆகவே இது வெறும் சமையற்கட்டுச் சண்டை அன்று. ஆயினும் இவ்வழக்கில் அரசர்களும் அரசுகளும் பேசப்படும் அளவுக்கு, இலையைச் சுருட்டிய பெண்கள் பேசப்படுவதில்லை.

அவர்கள் வேலையைச் சற்றுப் பார்ப்போம். இளவேனிலில் தளிர் இலைகளைப் பறித்து உப்புநீரில் ஊறவைப்பர். துருக்கியின் தோகாத் பகுதியில் நாரின்ஜெ என்னும் திராட்சையின் மெல்லிய இலை, பழத்தைப் போலவே விலைபோகிறது. இலையின் நரம்புப் பக்கம் மேலாக இருக்க விரித்து, காம்பைக் கிள்ளி, காம்புப் பக்கம் சிறிது கலவை வைத்து, அடியை மடித்து, இரு பக்கங்களையும் உள்ளே ஒடுக்கி, நுனி நோக்கிச் சுருட்டவேண்டும். விரல் பருமனே அழகு. இறுக்கிச் சுருட்டினால் அரிசி பருக்கும்போது இலை கிழியும். தளர விட்டால் கலவை வெளியேறும். பாத்திரத்தில் நெருக்கமாக அடுக்கி, மேலே ஒரு தட்டைக் கவிழ்த்துப் பாரம் வைத்து, சிறு தீயில் வேகவைப்பர். விருந்து ஒன்றுக்கு நூறு சுருள்கள் வேண்டுமென்றால் அண்டை வீட்டுப் பெண்களும் வந்து அமர்ந்தால்தான் ஆகும். சுருட்டும் கை வேலையில் இருக்க, வாய் ஊர்ச்செய்தியில் இருக்கும்.

அவ்வாறு கூடுவோர் குறைந்துவிட்ட வீடுகளுக்காகவே சுருட்டும் கருவிகள் கடைக்கு வந்தன. பிளாஸ்டிக்கால் ஆன சிறு பெட்டி; அதன்மேல் தொய்வான ஒரு தகடு. தகட்டின் பள்ளத்தில் இலையையும் கலவையையும் இட்டு உருளையை முன்னே தள்ளினால் சுருள் வெளிப்படுகிறது. பீடி சுற்றுவதைக் கண்டவர்களுக்கு அதன் இயக்கம் புதிதன்று. பத்துச் சுருளும் ஒரே அளவில் அமையும் என்பது உண்மை. கைக்குப் பழக்கமில்லாத புது மணப்பெண்ணுக்கு அது பேருதவியே. இதை இகழ்வோரின் கருத்தை நான் ஏற்கவில்லை. ஆனால் எல்லா இலையும் ஒரே அளவினது அன்று. சிறியதற்கு எவ்வளவு கலவை, முற்றியதை எவ்வளவு நேரம் வெந்நீரில் இடுவது என்பதைப் பெட்டி அறியாது. கிழிந்த இலையை வேறோர் இலைத் துண்டால் ஒட்டுப்போடவும் அதற்குத் தெரியாது. அவ்விலைகளைத் தனியே எடுத்து, அடிப்பிடிக்காதிருக்கப் பாத்திரத்தின் அடியில் பரப்புவது இன்றும் கையின் வேலையே.