ஆரஞ்சு பொன்னான கதை

மார்ச் 17ஆம் நாள் புனித பேட்ரிக் திருவிழா. அன்று அயர்லாந்து மக்கள் எங்கிருந்தாலும் பச்சை அணிவதை நாம் அறிவோம். அத்தீவுக்கு அந்நிறம் இயற்கையே அளித்த கொடை என்று தோன்றும். அட்லாண்டிக் பெருங்கடலின் ஈரக்காற்று ஆண்டு முழுவதும் மழை கொணர்வதால் அங்கே புல்வெளி வாடுவதில்லை. அவர்தம் மொழியில் 'கிளாஸ்' என்னும் ஒரே சொல் புல்லின் பசுமையையும் கடலின் சாம்பல் நிறத்தையும் குறிக்கும்!

எனினும் 1783இல் மன்னர் மூன்றாம் ஜார்ஜ் அப்புனிதரின் பெயரால் சிறப்புப் பட்டம் ஒன்றை ஏற்படுத்தியபோது, அதற்குரிய நிறம் வெளிர்நீலமாகவே இருந்தது. பச்சையை நாட்டின் நிறமாக உயர்த்தியதில் மழையைவிட அரசியலுக்கே பங்கு மிகுதி. 1791இல் பெல்பாஸ்டில் தோன்றிய ஐக்கிய அயர்லாந்தியர் சங்கம் பச்சைக் கொடியில் யாழைப் பொறித்தது. அதை அங்கே தொடங்கியோர் புராட்டஸ்டாண்டு சபையினர். கத்தோலிக்கருக்கும் சம உரிமை வேண்டும் என்று கேட்டவர்கள் அவர்கள். அந்தப் பச்சையே பிற்காலத்தில் கத்தோலிக்கரின் நிறமாகச் சுருங்கியது வருந்தத்தக்கது.

ஆரஞ்சின் வரலாறு வேறு. தென் பிரான்சில் ஆரஞ்சு என்றொரு சிற்றரசு இருந்தது. அதன் பெயர் தாங்கிய குலத்தில் வந்த மன்னர் வில்லியம், 1690இல் பாய்ன் ஆற்றங்கரையில் கத்தோலிக்கரான இரண்டாம் ஜேம்சை வென்றார். அவ்வெற்றியைப் போற்றும் ஆரஞ்சு சங்கம் 1795இல் ஆர்மா மாவட்டத்தில் உருவாயிற்று. கத்தோலிக்கருக்கு அந்நிறம் தோல்வியின் நினைவாகவே நின்றது.

அதையே தம் கொடியில் ஏற்றவர் ஒரு கத்தோலிக்கர் என்பதுதான் வியப்பு. இயேசு சபையாரிடம் பயின்ற தாமஸ் பிரான்சிஸ் மாஹர், 1848இல் பச்சை, வெள்ளை, ஆரஞ்சு என்னும் மூவண்ணக் கொடியை மக்கள்முன் வைத்தார். நடுவிலுள்ள வெள்ளை இரு தரப்பாருக்கும் இடையே நிலைக்க வேண்டிய சமாதானம் என்று விளக்கினார். 1916ஆம் ஆண்டு உயிர்ப்புத் திருநாளை ஒட்டிய கிளர்ச்சியில் டப்ளின் அஞ்சலகத்தின்மேல் அது பறந்தது. 1937ஆம் ஆண்டு அரசியல் சாசனமும் அம்மூன்று நிறங்களையே குறிப்பிடுகிறது.

ஆனால் மக்கள் வழக்கில் ஆரஞ்சு மெல்லப் பொன்னாயிற்று. 'பச்சை, வெள்ளை, பொன்' என்று பாடினர். மஞ்சள் துணியிலும் கொடி தைத்தனர். பொன்னும் வெள்ளையும் திருத்தந்தையின் கொடிக்குரியவை. பக்தியாலோ பழக்கத்தாலோ செய்தது ஆகலாம். ஆயினும் ஆரஞ்சு நீங்கினால், நடுவிலுள்ள வெள்ளை யாரோடு யாரைச் சேர்த்து வைக்கும்? மஞ்சள் பட்டை தவறு என்றே அயர்லாந்து அரசின் கொடி நெறிமுறையும் கூறுகிறது.

1998இல் பெரிய வெள்ளியன்று வட அயர்லாந்துக்கான சமாதான உடன்பாடு எட்டப்பட்டது. அதன் பின்னும் அங்குள்ள சில தெருக்களில் நடைபாதை ஓரக்கற்கள் பச்சை, வெள்ளை, ஆரஞ்சாகவும், வேறு சில தெருக்களில் சிவப்பு, வெள்ளை, நீலமாகவும் பூசப்பட்டுள்ளன. இந்தத் தெரு யாருடையது என்பதை வழிப்போக்கர் அக்கற்களைக் கொண்டே அறிவர்.